குயீன்ஸ்லாந்து புகை அலாரம்: ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று தேவைதானா?

மாடிவீடு:
வணக்கம். எங்களுடையது பிரிஸ்பேனுக்குத் தெற்கே, தூண்கள் மேல் நிற்கிற பழைய மரவீடு. கீழே கார் நிறுத்துமிடம், மேலே நான்கு படுக்கையறை. 2027 ஜனவரி 1 முதல் குயீன்ஸ்லாந்தில் சொந்த வீட்டில் இருப்பவர்களும் எல்லாப் படுக்கையறையிலும், நடைவழியிலும், ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வைத்தாக வேண்டும். ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் விற்கும் வீடுகளுக்கும் 2022லேயே இது வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு ஆறு தேவை. எலக்ட்ரீஷியன் சொன்ன தொகை 1,500 டாலருக்கு மேல். இப்போது நடைவழியில் இரண்டு இருக்கின்றன. வருடம் தவறாமல் ஏப்ரல் 1 அன்று சதுர 9 வோல்ட் பேட்டரியை மாற்றுகிறேன். சோதனைப் பொத்தானை அழுத்தினால் காது கிழிகிறது. இதில் என்ன குறை கண்டார்கள்? பேட்டரியைக் கழற்றவே முடியாத அலாரத்தை வாங்கி, பத்து வருடத்தில் மொத்தமாகக் குப்பையில் போடு என்கிறார்கள். வியாபாரிகளுக்காகப் போட்ட சட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கம்பிக்காரன்:
அண்ணா, இந்த ஊரில் லைசென்ஸ் எடுத்து வயரிங் வேலை செய்கிறவன் நான். வியாபாரிகளுக்காக என்று சொன்னதால் எழுதுகிறேன். 2011 ஆகஸ்டில் லோகன் பகுதியில் ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரு வீடு நள்ளிரவில் எரிந்தது. 11 பேர் போனார்கள், அதில் எட்டுப் பேர் பிள்ளைகள். அந்த மரண விசாரணைக்குப் பிறகு வந்ததுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஈ-பைக் சார்ஜில் இருக்கிறது என்று வையுங்கள். அது இரவு ஒரு மணிக்குப் புகைகிறது. மேலே நடைவழியில் இருக்கும் அலாரத்துக்குப் புகை வந்து சேர்வதற்குள் படிக்கட்டுப் பக்கம் போக முடியாமல் ஆகிவிடும். கீழே ஒன்று இருந்தாலும் இணைப்பு இல்லாவிட்டால், கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் எட்டாது. இணைந்திருந்தால் பிள்ளையின் தலைமாட்டிலேயே கத்தும். நான் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலைகளில், வீட்டுக்காரர் மறுத்தாலும் வற்புறுத்துகிற ஒரே வேலை இதுதான்.

சிட்னி_வாசகன்:
நியூ சவுத் வேல்ஸில் 2006 மே மாதத்திலிருந்து தளத்துக்குக் குறைந்தது ஒன்று என்பதுதான் விதி. மாடிவீடு போல வருடா வருடம் பேட்டரி மாற்றுகிறவரைத் தண்டிப்பதில் என்ன நியாயம்? நம்மவர்கள் சமையலையும் யோசியுங்கள். மிளகாய் தாளித்தால் ஒன்று கத்தும், கூடவே ஆறும் கத்தும். பூஜைக்குச் சாம்பிராணி போட்டாலும் அப்படித்தான். இரண்டு வாரம் பொறுப்பார்கள், மூன்றாவது வாரம் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டுவார்கள். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட வெறுப்புத்தான் கூடும். வேலை செய்கிற ஒரு அலாரம், பை கட்டின ஆறு அலாரத்தைவிட மேல்.

கறிவேப்பிலை:
தம்பி, பை கட்டினதில்லை, ஆனால் அதைவிட மோசமான காரியம் செய்தவள் நான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் நிமிடத்துக்கு ஒருதரம் ‘கீக்’ என்றது. சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மூடியைத் திருகி, பேட்டரியைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். காலையில் புதிது வாங்கலாம் என்று நினைத்துத்தான் வைத்தேன். பொங்கலுக்கு ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அந்தப் பேட்டரி அங்கேயே தூசி படிந்து கிடந்தது. நடுவில் ஆறு மாதம். அத்தை பின்னறையில் விளக்கேற்றிவிட்டு அப்படியே தூங்கிப்போன இரவுகள் அதில் எத்தனையோ. கழற்ற முடிகிற பேட்டரியைக் கழற்றத்தான் செய்வோம். அதனால் நான் கழற்ற முடியாததையே வாங்கினேன்.

கம்பிக்காரன்:
அக்கா சொன்ன அந்த மூன்று மணிக்குக் காரணம் உண்டு. தேய்ந்த பேட்டரி குளிரில் இன்னும் சோரும். வீடு நன்றாகக் குளிர்வது விடியலுக்கு முன்புதானே, அப்போதுதான் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கிக் கூவ ஆரம்பிக்கும்.

சமையலுக்கு வருகிறேன். எண்ணெய் காய்ந்து வரும் புகையில் துகள்கள் மிக நுண்ணியவை. அதற்கு உடனே பதறுவது பழைய அயனி வகை, உள்ளே துளி அமெரீசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்குமே அது. இப்போது சட்டம் கேட்பது ஒளிமின் வகை மட்டும், அதாவது புகையை ஒளியால் கண்டுபிடிக்கும் ‘போட்டோஎலக்ட்ரிக்’. மெத்தை, சோபா கனன்று வரும் கனத்த புகையை இது சீக்கிரம் பிடிக்கும், தாளிப்புக்கு அவ்வளவாக அலறாது. குபீரென்று எரியும் நெருப்பை அயனி வகை கொஞ்சம் முன்னதாகப் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லக்கூடியது கனன்று வரும் புகை. சமையலறைக்குள்ளும் குளியலறைக் கதவுக்கு எதிரிலும் மாட்டாதீர்கள், நீராவிக்கு ஒளிமின் வகையும் ஏமாறும். மின்விசிறி இறக்கையிலிருந்து 400 மில்லிமீட்டராவது தள்ளி மாட்டுங்கள்.

மாடிவீடு:
இணைப்பு பற்றிச் சொன்னது புரிகிறது. கீழ்த்தளத்தை நான் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பேட்டரியில் மட்டும் விடமாட்டேன். தங்கை வீட்டில் பத்து வருட அலாரம் ஒன்று ஆறாம் வருடமே கூவியது. ரசீது இல்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். என் 9 வோல்ட் பேட்டரி அப்படி ஏமாற்றாது. தவிர, லித்தியமே தீப்பிடிக்கிற சாமான் ஆயிற்றே, அதைப் பிள்ளைகள் படுக்கைக்கு மேல் மாட்டச் சொல்கிறீர்களா? ரீசார்ஜ் பேட்டரி போட்டால் குப்பையும் மிச்சம்.

கம்பிக்காரன்:
ரீசார்ஜ் மட்டும் வேண்டாம் அண்ணா. 9 வோல்ட் என்று விற்றாலும் பலவற்றில் 8.4 தான் இருக்கும், சும்மா இருந்தாலே வடிந்தும் போகும். ஈ-பைக்கில் இருப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயான். அலாரத்தில் இருப்பது சார்ஜே ஏற்றாத வேறு வகை, பத்து வருடத்துக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். இரண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை.

தங்கைக்கு நடந்தது நடக்கக்கூடியதுதான். ரசீதைப் போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு 9 வோல்ட்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 240 வோல்ட் லைனில் இணைத்து, பேக்கப்பாக 9 வோல்ட் போடும் அலாரம் சட்டப்படி சரி. ஆனால் அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். ரேடியோவில் ஒன்றோடொன்று பேசும் பத்து வருடப் பேட்டரி அலாரத்தை நீங்களே திருகி மாட்டிக்கொள்ளலாம், 1,500 டாலர் ஆகாது. என் வருமானம் போகிறது, பரவாயில்லை. ஏற்கெனவே லைனில் இருக்கும் அலாரத்தை மட்டும் லைன் அலாரத்தாலேயே மாற்ற வேண்டும்.

சிட்னி_வாசகன்:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. 2022 பிப்ரவரி வெள்ளத்தில் பிரிஸ்பேனில் எத்தனை வீட்டில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை? மெழுகுவர்த்தி ஏற்றுகிற அந்த நேரத்தில் லைன் அலாரம் பேக்கப்பை நம்பித்தான் நிற்கும். அந்தப் பேக்கப் பேட்டரியை யார் கவனிக்கிறார்கள்? பச்சை விளக்கு எரிகிறது என்று விட்டுவிடுவோம்.

கம்பிக்காரன்:
அந்தக் கேள்வி நியாயம். நான் போகிற வீடுகளில் அதுதான் அதிகம் பார்க்கிற குறை. மாடிவீடு அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அலாரத்தைக் கழற்றி முதுகில் தயாரித்த தேதி பாருங்கள். பொத்தான் ஹார்னும் சர்க்யூட்டும் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். உள்ளே பத்து வருடத் தூசி என்ன செய்திருக்கிறது என்று சொல்லாது.

மாடிவீடு:
கழற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாடிவீடு:
ஒன்றில் 2009, இன்னொன்றில் 2011. இரண்டிலும் கதிரியக்கக் குறி இருக்கிறது, அயனி வகைதான். இத்தனை ஏப்ரல் முதல் தேதிகளில் புதுப் பேட்டரி போட்டது இதற்குத்தான். ரேடியோ வகையில் ஆறு வாங்கப் போகிறேன். பெட்டியில் ஏ.எஸ். 3786-2014 என்ற ஆஸ்திரேலியத் தர எண் இருந்தால் போதுமா தம்பி, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கம்பிக்காரன்:
அதோடு ‘போட்டோஎலக்ட்ரிக்’ என்று மட்டும் இருக்க வேண்டும், அயனியும் கலந்தது ஆகாது. ஆறும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள், கம்பெனி மாறினால் ரேடியோ பேசாது. கீழே கார் இடத்துக்கு முதலில் மாட்டி, மேலே பிள்ளைகள் அறையில் நின்று கேளுங்கள்.