வீட்டுவழிக் கல்வியில் எங்கள் அன்றாடம்: இரு பெற்றோரின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு: ஒரு தாய்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவளுக்கு இப்போது 10 வயது, இளையவனுக்கு 7. தொடங்கிய நாளில், காலை 9 முதல் மாலை 3 மணி வரை 40 நிமிடங்களுக்கு ஒரு பாடம் என்று பெரிய அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்று வாரங்களுக்குள் மகள் கணக்கு நோட்டைக் கண்டாலே கண் கலங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஓர் அறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்துவதற்கு வகுத்த நேரம் அது. ஒரே குழந்தை எதிரில் அமர்ந்திருக்கும்போது அதே பாடம் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தை நிரப்ப நான் அள்ளிக் கொடுத்த கணக்குகளே அவளுக்கு அந்த வெறுப்பை உண்டாக்கின என்பதை உணர எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. வீட்டில் படிக்கும் குழந்தைகளைப் பற்றி விரிவாகச் சிந்தித்த இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று அன்றே வலியுறுத்தியிருந்தார்.

இப்போது சுவரில் அட்டை இல்லை. எதற்குப் பின் எது என்ற வரிசை மட்டும் உண்டு. காலை உணவு முடிந்து மேசையைத் துடைத்ததும் கணக்கு, அதன்பின் நான் உரக்கப் படிப்பது, பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டதை மகள் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது. இந்தக் கடைசிப் பகுதியை நான் எக்காரணம் கொண்டும் விடுவதில்லை. ஒருநாள் பட்டாம்பூச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், "புழு கூட்டுக்குள்ளே தூங்கும், தூங்கி எழுந்தா றெக்கை வந்திருக்கும்" என்றாள். பயிற்சித்தாளில் புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று படங்களைச் சரியாக வரிசைப்படுத்தி முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். மேசைக்கு அடியில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி தலையை நிமிர்த்தாமலே, "இல்லக்கா, உள்ளே அதோட உடம்பு கரைஞ்சு மறுபடி உருவாகுது, அம்மா படிச்சாங்கல்ல" என்றான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து, அவன் விளையாடுகிறான் என்பதற்காக அவனை வேறு அறைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

மதியத்துக்குப் பிறகு பாடம் கிடையாது. அப்படிக் கிடைத்த நேரத்தில்தான் வெயிலில் ஒரு குச்சியை நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் முனையில் கல் வைத்துக் குறித்தார்கள். நிழல் மிகக் குறுகியது சரியாக 12 மணிக்கு அல்ல என்று கண்டதும் கடிகாரம் தவறு என்றே இருவரும் முடிவு கட்டினார்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகின்றன, ஒரு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்தால் இடத்துக்கு இடம் உச்சிப்பொழுது மாறத்தான் செய்யும் என்று விளக்க எனக்கு ஒரு பந்தும் ஒரு விளக்கும் தேவைப்பட்டன. அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மூன்று நாட்கள் ஆயின, யாரும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டாம் பகிர்வு: ஒரு தந்தை

மேலே சகோதரி சொன்ன வரிசை சிறு பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். என் மகனுக்கு 14 வயது. எங்கள் சிக்கல் வேறாக இருந்தது. ஆறு மணிக்கு எழுப்பி ஏழு மணிக்குப் பாடத்தில் உட்கார வைப்பதே ஒழுங்கு என்று பிடிவாதமாக இருந்தேன். பருவ வயதில் உடலின் உறக்கக் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது என்பதையும், 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். இரவு 11 மணி வரை உறக்கம் வராமல் புரண்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டியதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இப்போது ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறோம். மறுநாள் செய்ய வேண்டியதை முந்தைய இரவே அவனே ஒரு சிறு தாளில் எழுதி வைக்கிறான். நான் காலையில் அதைப் பார்ப்பதோடு சரி. இந்த வாரம் இயற்கணிதம் இரண்டு முறை அடுத்த நாளுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நேற்றிரவு அருகில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தடுக்கிறது என்று கேட்டேன். பின்னங்கள் வரும் சமன்பாடுகளைக் காட்டினான். இன்று அவற்றை மட்டும் இருவரும் சேர்ந்து செய்யப் போகிறோம்.