10க்கு 12 கொட்டகையில் மரவேலைப் பட்டறை: போட்டவர்கள் சொல்லுங்கள்

இழைப்புளி:
முதலில் இடம். 10 அடிக்கு 12 அடி கொட்டகையில் இடத்தைத் தின்பது மெஷின் இல்லை, பலகை. டேபிள் சா (மேசை ரம்பம்) உட்கார 3 அடிக்கு 3 அடி போதும். ஆனால் 8 அடிப் பலகையை நீளவாக்கில் கிழிக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். 12 அடிக்குள் 16 அடி எங்கிருந்து வரும்? வாசலிலிருந்துதான். 10 அடிச் சுவரில் இரட்டைக் கதவு வைத்து, கிழிக்கிற கோடு அந்தக் கதவுக்கு நேராக வரும்படி மெஷினை நிறுத்துங்கள். அறுபட்ட பலகை வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பலகையைச் சீவி மட்டமாக்குகிற பிளானருக்கும் இதே கோடுதான். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடப்போவதில்லை. ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதை இழுத்துக்கொள்ளலாம்.

ட்ரில் பிரஸ்ஸுக்கு முன்பின் இடம் வேண்டாம், இடமும் வலமும் வேண்டும். 12 அடிச் சுவரின் நடுவில் ஒட்டி வைத்தால் 6 அடிக் கட்டையின் இரண்டு நுனியிலும் துளை போடலாம். மூலையில் முடக்கினால் 3 அடிக் கட்டைக்கே சுவர் இடிக்கும்.

சக்கரம் வாங்கும்போது உருளுவதையும் திரும்புவதையும் சேர்த்துப் பூட்டுகிற வகையாகப் பாருங்கள். உருளுவதை மட்டும் பூட்டுகிற சக்கரத்தில் மெஷின் நின்ற இடத்திலேயே தலையாட்டும். அட்டையை மெஷின் அளவுக்கு வெட்டித் தரையில் போட்டு நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கப் போவது நல்லது. மெஷினை வாங்கிவிட்டு இடம் தேடுவது வேண்டாத வேலை.

கொட்டாப்புளி:
வேலை மேசைக்கு வருவோம். 36 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே நிற்கிறதோ அதுதான் பொதுவான உயரம். இழைப்புளி வேலையே அதிகம் என்றால் இன்னும் 2 அங்குலம் இறக்கலாம், உடம்பு எடை கருவி மேல் விழும்.

சின்னக் கொட்டகையில் இந்த மேசைதான் டேபிள் சாவிலிருந்து வெளிவரும் பலகையையும் தாங்க வேண்டியிருக்கும். அப்படியானால் மேசை, மெஷின் தட்டைவிட 2 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். 1 மி.மீ. உயர்ந்தாலும் பலகையின் நுனி மேசை விளிம்பில் முட்டும். முட்டியதும் நாம் அழுத்தித் தள்ளுவோம், பலகை கோணும், பிளேடின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி நம் மேலேயே எறியும். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற பிளவுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். உயரத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மெஷினின் அடிச்சட்டத்தை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். மேசை உங்கள் உடம்புக்குச் செய்தது, அதை மாற்றாதீர்கள்.

மேல்பலகை 3 அங்குலத் தடிப்பு. மேசை ஆடினால் எல்லோரும் காலைத் தடியாக்கப் பார்ப்பார்கள். காலில் தப்பு இல்லை. கால்களை இணைக்கிற கீழ்ச்சட்டம் ஒல்லியாக இருப்பதுதான் காரணம். 5, 6 அங்குலம் அகலமுள்ள சட்டம் போட்டு, ஸ்க்ரூவுக்குப் பதில் போல்ட் கொடுங்கள். சட்டத்தின் வெட்டுமுகத்தில் இறங்கிய ஸ்க்ரூ இழைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. நாளடைவில் பிடி விடும். போல்ட்டை மரம் சுருங்கின பிறகு ஒரு சுற்று முறுக்கிக்கொள்ளலாம்.

கட்டையைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், வலக்கைக்காரருக்கு இடது முன்மூலையில். உள்தாடை மேசையின் முன்விளிம்போடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றால், 6 அடிப் பலகையின் விளிம்பை இழைக்கும்போது மறுமுனை மேசையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடும். தாடையின் ஓர் ஓரத்தில் மட்டும் கட்டையைப் பிடித்தால் தாடை கோணும், பிடியும் நழுவும். அதே தடிப்புள்ள துண்டு ஒன்றை மறு ஓரத்தில் செருகிவிட்டு முறுக்குங்கள்.

சீவல்:
கருவிகளை மாட்ட, சுவருக்குப் பிரெஞ்ச் கிளீட்தான் (சரிவாக வெட்டிய பட்டை மேல் பட்டை கவ்வித் தொங்குவது) என் பரிந்துரை. துளைப் பலகையில் கொக்கி மாட்டுவது ஸ்க்ரூட்ரைவருக்குச் சரி. இழைப்புளியும் ரம்பமும் ஏறினால் கருவியை எடுக்கும்போது கொக்கியும் கூடவே கழன்று வரும்.

18 மி.மீ. பிளைவுட்டில் 6 அங்குலப் பட்டை எடுத்து, பிளேடை 45 டிகிரி சாய்த்து நடுவில் கிழித்தால் ஒரே வெட்டில் ஜோடி கிடைக்கும். ஒன்று சுவருக்கு, ஒன்று பெட்டியின் முதுகுக்கு. சுவர்ப்பட்டையின் சரிவு சுவரை நோக்கி இறங்க வேண்டும், கூர்விளிம்பு நம் பக்கம் மேலே நிற்க வேண்டும். திருப்பி அடித்தால் மாட்டின பெட்டி வழுக்கிக் கீழே வரும். இந்தத் தப்பு நடக்காத பட்டறை குறைவு.

முக்கியமானது இனிமேல்தான். பெட்டியில் அடிக்கிற பட்டையின் கூர்விளிம்பை 3 மி.மீ. சீவி மொட்டையாக்குங்கள். சுவர்ப்பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மரத்தூள் இறங்கி அடைந்துகொண்டே இருக்கும். கூர்முனை அந்தத் தூளில் போய் உட்கார்ந்துவிட்டால் சரிவும் சரிவும் ஒட்டாது. பெட்டி மாட்டினது போலத் தெரியும், தொட்டால் ஆடும். மொட்டையாக்கினால் தூளுக்கு ஒரு சந்து கிடைக்கும், சரிவுகள் கவ்விக்கொள்ளும். பெட்டியின் கீழ்ப்பக்கமும் அதே 18 மி.மீ. துண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பகுதி சுவர்ப்பக்கம் சாயும். வரிசைக்கு வரிசை 8 அங்குல இடைவெளி, ஸ்க்ரூ ஒவ்வொரு நிலைச்சட்டத்திலும் ஏற வேண்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், கூர்விளிம்பு பொடிந்துவிடும்.

இழைப்புளி:
சேர்த்துக்கொள்ளுங்கள்: கனமான கருவி இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில். தலைக்கு மேலே கிளாம்ப் மாட்டுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதாக இல்லை.

பியூஸ் கட்டை:
கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 230 வோல்ட் லைனில் 1800 வாட் ரம்பம் 8 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 1 சதுர மி.மீ. ஒயரில் 25 மீட்டர் இழுத்தால், ஓடும்போது 9 வோல்ட்தான் குறையும், வெளியே தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டில் 44 வோல்ட் போய்விடும். இண்டக்‌ஷன் மோட்டாரில் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதனால்தான் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது, சூடாகிறது, கடைசியில் காயில் கருகுகிறது. மெஷினைத் திட்டிப் பயன் இல்லை. அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் ஸ்டார்ட்டிலேயே 18 வோல்ட்தான் விழும். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்க அவிழ்த்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுருட்டியபடி ஓட்டினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் காப்புறை உருகும்.

லைன் குறைந்தது மூன்று. ரம்பத்துக்கு ஒன்று, தூசி உறிஞ்சிக்கு ஒன்று (இரண்டும் சேர்ந்தேதான் ஓடும்), விளக்குக்குத் தனியாக ஒன்று. ரம்பம் திணறி எம்சிபி விழும்போது விளக்கும் கூட அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற பிளேடுக்குப் பக்கத்தில் இருட்டில் கை இருக்கும். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத ஸ்விட்ச் உள்ள மெஷினாக வாங்குங்கள்.

விளக்கின் வெளிச்ச நிறம் 4000 முதல் 5000 கெல்வின், மேசைக்கு இரண்டு பக்கமும். ஒரே பக்கம் போட்டால் கோடு எப்போதும் நம் கை நிழலில்தான்.

மரத்தூள்:
மரம் அடுக்குவது. 18 மி.மீ., 8க்கு 4 பிளைவுட் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. ஐந்து ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் சில வாரத்தில் வயிறு தள்ளிவிடும். நீள விளிம்பில், ஏறக்குறைய செங்குத்தாக, அடியில் ரீப்பர் கொடுத்து நிறுத்துங்கள். பலகைகளைத் தாங்கச் சுவரில் கை (பிராக்கெட்) போடுகிறவர்கள் 16 முதல் 20 அங்குலத்துக்கு ஒன்று போடவும். 1 அங்குலத் தடிப்பு, 12 அங்குல அகலம், 8 அடி நீளம் என்றால் நடுத்தர மரத்துக்கே 13 கிலோ வரும். இருபது பலகை 260 கிலோ.

துண்டு மரம்தான் பட்டறையைக் கொல்லும். ஒரு பெட்டி வையுங்கள், நிறைந்ததும் அடுப்புக்கு. "எதற்காவது ஆகும்" என்று எடுத்து வைத்தது எதற்கும் ஆகாது.

அரம்:
துருவுக்குக் காரணம் மழை என்று நினைக்க வேண்டாம், பனி. இரவில் குளிர்ந்த இரும்புத் தட்டின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டதும் நீர் கோக்கிறது. பிளாஸ்டிக் போர்த்தினால் அடியிலிருக்கும் ஈரமும் அங்கேயே தங்கிவிடும். தட்டைத் துடைத்து மெழுகு தேயுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரே வேண்டாம்: அது பலகையில் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு வார்னிஷ் அடித்தால் குழி குழியாக விலகி நிற்கும்.

ஈரம் தரையிலிருந்தும் வரும். கான்கிரீட் மேல் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் துளியோ கறுத்த திட்டோ தெரிந்தால் தரை ஈரம் விடுகிறது. அந்தத் தரையில் மரத்தை நேராக அடுக்கவே கூடாது.

கொட்டாப்புளி:
தூசிக்கு ஒரு வரி. மெஷினில் 4 அங்குல வாய் இருக்க, 2½ அங்குலக் குழாய் மாட்டினால் வழி 39 சதவீதமாகச் சுருங்கும். பிளானர் சீவல் அடைத்துக்கொண்டு நிற்கும். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள்.

சீவல்:
பினிஷிங் அலமாரிக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை வைக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகி, தீக்குச்சி இல்லாமலே பற்றும். மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்து விறைக்கும்வரை காயவிடுங்கள்.

அரம்:
எல்லா எண்ணெயுமா?

சீவல்:
காய்ந்து இறுகுகிற எண்ணெய் எல்லாம். டங் எண்ணெயும் அதில் சேர்த்தி. மினரல் ஆயில் இறுகாது, அதனால் தானாகச் சூடேறாது. ஆனால் துணியைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எல்லாத் துணியையும் விரித்தே போடுங்கள்.