உப்பு, மணல், இரும்புத்தூள்: கலவைகளைப் பிரிக்கும்போது நடந்தவை

திரியைத் தொடங்குபவர் (அறிவியல் ஆசிரியை)

கலவைகளைப் பிரித்தல் பாடத்தை பதினான்கு வருஷமாக நடத்துகிறேன். வடிகட்டுதல், ஆவியாக்குதல், காந்தத்தால் பிரித்தல் என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். எதை எப்போது செய்வது என்று கேட்டால்தான் திணறுவார்கள். அதனால் இந்த முறை பாடத்துக்கு முன்னாலேயே உப்பு, மணல், இரும்புத்தூள் மூன்றையும் கலந்து குழுவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். "பிரிச்சுக் காட்டுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு கிண்ணத்திலும் உப்பு சரியாக 10 கிராம்.

ஒரு குழுவில் ஒரு பெண், எடுத்த எடுப்பிலேயே கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அப்புறம் காந்தத்தை விட்டால் ஈர மணலும் இரும்புத்தூளோடு அப்பிக்கொண்டு வந்தது. முகம் வாடிவிட்டது. பக்கத்துக் குழு காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உலர்ந்த கலவையின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தது. உறையிலிருந்து காந்தத்தை உருவியதும் தூள் பொலபொலவென்று தாளில் உதிர்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், எது எதுல வேற மாதிரி இருக்குன்னு முதல்ல பார்த்திருக்கணும்" என்றாள். இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். காந்தம் இழுக்குமா, தண்ணீரில் கரையுமா, எந்தச் சூட்டில் ஆவியாகும், துகள் எவ்வளவு பெரியது என்று பார்த்து, வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைக்க முடியும்.

கடைசியில் உப்பை நிறுத்தோம். ஒரு குழுவுக்கு 8.4 கிராம், இன்னொரு குழுவுக்கு 11.2 கிராம். போட்டதை விட அதிகமாக எப்படி வரும் என்று வகுப்பே குழம்பியது. உப்பு இன்னும் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பச் சூடாக்கி, ஆறவைத்து, நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை செய்யச் சொன்னேன். 9.7-ல் நின்றது. குறைவாக வந்த குழுவுக்கு வேறு சிக்கல். வடிதாளில் தங்கிய மணலை அவர்கள் கழுவவே இல்லை. மணலின் ஈரத்திலும் உப்பு இருக்குமே. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவி, அந்த வடிநீரையும் வற்ற வைத்ததில் இன்னும் 0.9 கிராம் கிடைத்தது. மீதி, பீங்கான் கிண்ணத்திலிருந்து தெறித்துப் போனது. தண்ணீர் வற்றும் தறுவாயில் உப்பு பட்பட்டென்று வெடித்துத் தெறிக்கும். கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே சுடரை அணைத்துவிட்டு, கிண்ணத்தின் சூட்டிலேயே வற்ற விட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பதில் (ஆய்வக உதவியாளர்)

டீச்சர், எனக்குப் பிரிபுனல்தான் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும், அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனல்) பாடம் கற்றுக் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மண்ணெண்ணெயும் தண்ணீரும் அழகாக இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கின்றன. கீழே குழாயைத் திறந்தேன். கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்து கழற்றவே போய்விட்டேன். மேல் மூடியை எடுக்கவில்லை! உள்ளே காற்று புக வழியில்லாவிட்டால் திரவம் எப்படி இறங்கும்? மூடியை எடுத்த நொடியில் சரசரவென்று இறங்கியது.

இன்னொன்று, எண்ணெய் மாதிரியான திரவம் என்றாலே மேலேதான் மிதக்கும் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். குளோரோஃபார்ம் தண்ணீருக்கு அடியில் போய் நிற்கும். எந்த அடுக்கு தண்ணீர் என்று சந்தேகம் வந்தால் மேலிருந்து இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது எந்த அடுக்கோடு போய்ச் சேருகிறதோ அதுதான் தண்ணீர். எல்லைக்கோடு குழாயை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நடுவில் உள்ள கொஞ்சத்தைத் தனிக் குவளையில் பிடித்து ஒதுக்கிவிடுவது நல்லது. அதைச் சேமிக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் கெடும்.

பதில் (ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா)

நான் அறிவியல் படித்தவன் இல்லை. மகளுக்காகக் கற்றுக்கொண்டேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாள் துண்டில் ஒரு புள்ளி வைத்து தண்ணீரில் நிறுத்தினோம். மை அப்படியே தண்ணீரில் கரைந்து போயிற்று. புள்ளி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. அடுத்த தாளில் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே கோடு போட்டு, கோட்டில் புள்ளி வைத்தோம். கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டுமாம், பேனா மையில் போட்டால் கோடும் சேர்ந்து ஏறிவிடும் என்று மகள் சொன்னாள்.

தண்ணீர் தாளில் மெல்ல ஏறியது. கறுப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு நீலம் கிளம்பி மேலே ஓடியது. பின்னாலேயே ஊதா. மஞ்சள் கீழேயே தங்கிவிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரே கறுப்பு என்று நினைத்ததில் இத்தனை நிறமா! பால்பாயிண்ட் பேனா மை மட்டும் அசையவே இல்லை. அது தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் வைத்ததும் நகர்ந்தது (பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டேன்).

இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்ற பெயரை 1906-ல் சூட்டியவர் மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றி, அதிலிருந்த பச்சையையும் மஞ்சளையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார். அதன் பிறகு எந்த இலையைப் பார்த்தாலும் மகள், "இதுக்குள்ள எத்தனை நிறம் இருக்கும்ப்பா?" என்கிறாள்.

பதில் (வேதியியல் முதுகலை மாணவர்)

அம்மோனியம் குளோரைடையும் உப்பையும் சூடாக்கிப் பிரிக்கும்போது, மேலே கவிழ்த்த புனலின் குழல் நுனியில் பஞ்சு வைக்க மறந்து அறை முழுக்க வெண்புகை சூழ்ந்தது எங்கள் வகுப்பில். பாடத்தில் அதைப் பதங்கமாதல் (திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாவது) என்றே படித்தோம். கறாராகச் சொன்னால் அம்மோனியம் குளோரைடு சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, புனலின் குளிர்ந்த சுவரில் மறுபடி ஒன்று சேர்கிறது. அயோடினும் நாஃப்தலீனும்தான் பிரியாமல் நேராக ஆவியாகிப் படிகின்றன.

மீண்டும் திரியைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் இரும்புத்தூளும் கந்தகமும் காட்டினேன். எடையில் ஏழுக்கு நான்கு என்ற விகிதம். சூடாக்கும் முன் காந்தம் இரும்பை மட்டும் இழுத்தது. சோதனைக்குழாயின் வாயில் பஞ்சு அடைத்து, புகை வெளியேறும் இடத்தில் வைத்து நானே சூடாக்கினேன். செந்தணல் தானாகவே உள்ளே பரவி, கடைசியில் கறுத்த கட்டி கிடைத்தது. "இது இப்ப இரும்பு சல்பைடு என்கிற சேர்மம், காந்தம் இழுக்காது" என்றேன்.

அவள் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். கட்டி லேசாக ஒட்டியது.

"டீச்சர், இதுல இன்னும் கொஞ்சம் இரும்பு சேராம மிச்சம் இருக்கு" என்றாள். மறுநாள் கந்தகத்தைச் சற்றுக் கூட்டி, இரண்டையும் நன்றாகப் பொடித்துக் கலந்து திரும்பச் செய்தோம். இந்த முறை ஒட்டவில்லை.