விரால் அடிப்பான் கூட்டில் பருவத்தின் கடைசி வாரங்கள்

மீனையே வேட்டையாடி உண்ணும் பெரிய பறவையான விரால் அடிப்பானின் (Osprey) கூட்டில் முட்டை இருக்கும்போதும், குஞ்சுகள் விளிம்புக்கு மேல் தலை நீட்டும்போதும் பார்க்க வருவோர் பலர். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் வருவதை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஓர் இணை எப்படி வாழ்கிறது என்பதை எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை ஆகஸ்ட் மாதமும் செப்டம்பரின் முதல் பாதியும்தான். ஏரியோரத்தில் நடப்பட்ட உயர்ந்த கம்பம் ஒன்றின் மேடையில் கூடு கட்டும் ஒரே இணையைச் சில பருவங்களாகக் கவனித்து வருகிறேன். அந்தக் கடைசி வாரங்களில் கண்டவற்றை மட்டும் இங்கே பகிர்கிறேன்.

இந்தக் கட்டத்தில் குஞ்சுகள் உருவத்தில் பெற்றோரை எட்டிவிட்டிருக்கும். ஐந்து வாரங்களுக்கு மேல் அடைகாத்து, அதன்பின் ஏழெட்டு வாரங்கள் கூட்டிலேயே ஊட்டி வளர்க்கப்பட்டவை அவை. தொலைநோக்கியில் பார்த்தால் இனம் பிரிப்பது எளிது: இளம் பறவையின் முதுகுச் சிறகுகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர்மஞ்சள் கோடு ஓடும், கண் செம்மஞ்சளாக இருக்கும், முதிர்ந்த பறவையின் முதுகு ஒரே சீரான அடர்பழுப்பு, கண் தெளிவான மஞ்சள். பறக்கத் தெரிந்துவிட்டாலும் இளம் பறவைகள் உணவுக்காகக் கூட்டுக்கே திரும்புகின்றன. ஆண் பறவை தொலைவில் தென்பட்டவுடன் அவை எழுப்பும் இடைவிடாத கத்தல் ஏரியின் மறுகரைக்கும் கேட்கும்.

குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே முதலில் புறப்படுவது பெண். புறப்படும் நாளுக்கு வெகு முன்பே அது கூட்டை விட்டு விலகத் தொடங்குவதைக் காணலாம். அடைகாத்த காலத்திலும் குஞ்சுகள் சிறியவையாக இருந்த காலத்திலும் கூட்டை விட்டு அதிகம் அகலாமல், ஆண் கொண்டுவரும் மீனையே பெரும்பாலும் நம்பியிருந்த பறவை, இப்போது தானே மீன் பிடித்துத் தொலைவில் உள்ள பட்டமரத்தில் தனியாக அமர்ந்து தின்கிறது. நீண்ட நேரம் குளிக்கிறது. சிறகுகளை ஒவ்வொன்றாகக் கோதிச் சீராக்குகிறது. பிறகு ஒரு நாள் அது வருவதே இல்லை. குஞ்சுகள் இன்னும் தந்தையின் கையை எதிர்பார்த்திருக்கும்போதே தாய் போய்விடுவதைக் கண்டு வருந்துவோர் உண்டு. அதைக் கைவிடல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முட்டையிட்டு, அடைகாப்பில் பெரும்பங்கைச் சுமந்து, மழையிலும் வெயிலிலும் குஞ்சுகளுக்கு மேல் சிறகை விரித்து நின்ற உடல் அது. மீதமுள்ள வேலையை ஆண் தனியாகச் செய்துமுடிக்க முடியும் என்ற நிலையில்தான் அது கிளம்புகிறது.

அந்த மீதமுள்ள வேலையைப் பார்க்கத்தான் நான் கரையில் காத்திருப்பேன். ஆண் பறவை நீருக்கு மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, மீனைக் குறிவைத்ததும் கால்களை முன்னால் நீட்டியபடி விழுகிறது. சில சமயம் உடல் முழுவதும் நீருக்குள் போய்விடும். மேலெழுந்தபின் பறந்தபடியே உடலை உதறி நீரைச் சிதறடிக்கும். அதன் வெளிவிரல் பின்பக்கமாகத் திரும்பக்கூடியது; ஆகவே முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக விரல்களை வைத்துப் பிடிக்கிறது; பாதத்தின் அடியில் உள்ள முட்போன்ற செதில்கள் வழுக்கும் மீனை விடுவதில்லை. பிடித்த மீனின் தலை பறக்கும் திசையை நோக்கி இருக்குமாறு ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்துக்கொள்கிறது. காற்றின் எதிர்ப்பு அதனால் குறைகிறது.

ஒரு மாலை, பெண் போய்விட்டபின், அந்த ஆண் பெரிய மீன் ஒன்றுடன் வந்து கூட்டுக்கு எதிரே உள்ள பைன் மரத்தின் மொட்டைக் கிளையில் அமர்ந்தது. கூட்டில் இரண்டு இளம் பறவைகளும் கத்திக்கொண்டிருந்தன. அது அவசரப்படவில்லை. மீனின் தலையை மட்டும் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்துத் தின்றது. செவுள் வரை தீர்ந்தபின், எஞ்சிய உடலை எடுத்துக்கொண்டு கூட்டில் இறங்கியது. இறங்கிய கணத்திலேயே மூத்தது பாய்ந்து மீனைப் பற்ற, ஆண் தன் நகங்களை விடுவித்துக்கொண்டு ஒரே தாவலில் மேலெழுந்து விலகியது; பசித்த குஞ்சின் நகங்கள் மீன் எது, தந்தையின் கால் எது என்று பார்ப்பதில்லை. மூத்தது சிறகுகளைக் கூடாரம்போல் மீனின் மேல் கவித்து மறைத்துக்கொண்டது. இளையது அதைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. வயிறு நிறைந்த மூத்தது விலகிய பிறகே வால்பகுதி அதற்குக் கிடைத்தது.

இளம் பறவைகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுப்பது யார் என்று பலர் கேட்கின்றனர். நான் கண்டவரை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அவை தாமாகவே நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்து கால்களை நீரில் இழுத்துப் பார்க்கின்றன. பாதி தூரம் இறங்கி மனம் மாறி மேலெழுகின்றன. மீனுக்குப் பதில் நீர்ப்பாசிக் கொத்தோடு வெளியே வருகின்றன. இங்கிலாந்தின் ரட்லண்ட் ஏரியில் 1996-இல் தொடங்கிய மீள்குடியேற்றத் திட்டம் இதற்கு நல்ல சான்று. ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட குஞ்சுகள் அங்கே பெற்றோரின்றி வளர்ந்து விடுவிக்கப்பட்டன. அவை தாமே மீன் பிடித்தன, வழிகாட்டும் பறவை எதுவும் இல்லாமல் தெற்கே சென்றன. திரும்பி வந்தவற்றுள் ஓர் ஆண் 2001-இல் அங்கே குஞ்சு பொரித்தது.

இளம் பறவைகளும் சேர்ந்து புறப்படுவதில்லை. காற்று வடக்கிலிருந்து வீசி வானம் தெளிந்த நாளின் முற்பகலில் ஒன்று வட்டமிட்டு மேலேறி, உயரத்தில் ஒரு புள்ளியாகித் தெற்கே நழுவிவிடும். உடன்பிறந்தது பல நாட்கள் கழித்தே கிளம்பும். எஞ்சிய ஒன்றுக்காகவும் ஆண் மீன் கொண்டுவந்துகொண்டே இருக்கும். இடையில் குச்சிகளைக்கூடச் சுமந்து வந்து கூட்டில் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பருவத்தில் கடைசிக் குஞ்சும் போய்விட்டபின் அது மீனோடு கூட்டுக்கு வந்து, விளிம்பில் நின்று பல முறை குரல் கொடுத்து, நெடுநேரம் காத்திருந்து, பிறகு அங்கேயே அமர்ந்து மீனைத் தின்றது. கடமை தீர்ந்தது அதற்கு எப்போது தெரிகிறதோ, அப்போதுதான் அதுவும் போகிறது.

இணையின் இரண்டு பறவைகளும் குளிர்காலத்தைச் சேர்ந்து கழிப்பதில்லை. வடமேற்கு ஐரோப்பாவில் கூடு கட்டுபவற்றுள் பெரும்பாலானவை மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், வட அமெரிக்காவில் கூடு கட்டுபவற்றுள் பல தென் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகள் காட்டியபடி, ஆணும் பெண்ணும் தனித்தனி வழியில் சென்று தனித்தனி நீர்நிலைகளில் தங்கி, வசந்தத்தில் அதே கூட்டில் மீண்டும் சந்திக்கின்றன. இளம் பறவைகள் அடுத்த வசந்தத்தில் திரும்புவதில்லை. தெற்கிலேயே தங்கி வளர்ந்து, இரண்டு அல்லது மூன்று வயதில்தான் பிறந்த பகுதிக்கு வருகின்றன. கணிசமானவை வராமலே போகின்றன. காலில் அடையாள எண் பொறித்த வளையம் மாட்டப்பட்ட பறவையின் எண்ணை அந்தக் கடைசி வாரங்களில் தெளிவாகப் படித்து வைத்துக்கொள்வது இதனால்தான் முக்கியம். பின்னாளில் திரும்பும் பறவை எது என்பதை உறுதிசெய்ய அதைவிட நம்பகமான வழி இல்லை.

இந்த நாட்களில் பார்க்கச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். பறவைகள் கூட்டை விட்டுப் பறந்துவிட்டனவே என்று கம்பத்தை நெருங்க வேண்டாம். மீனோடு வரும் ஆண், கீழே மனிதர் நிற்பதைக் கண்டால் கூட்டில் இறங்காமல் வட்டமிட்டபடியே இருக்கும். அந்த நேரம் முழுதும் இளம் பறவை பசியோடு காத்திருக்கும். தொலைவிலிருந்து பார்த்து, பெண்ணையும் ஒவ்வொரு இளம் பறவையையும் ஆணையும் கடைசியாகக் கண்ட தேதியைத் தனித்தனியே குறித்து வையுங்கள். வந்த தேதியை எல்லோரும் குறிக்கிறார்கள். போன தேதியைக் குறிப்பவர்கள் மிகக் குறைவு. உங்கள் இணையில் யார் எந்த வரிசையில் புறப்பட்டனர், கடைசிக் குஞ்சு போனபின் ஆண் எத்தனை நாள் தங்கியது என்பதை நீங்களும் எழுதினால், என் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.