வாய்ப்புண்ணுக்கு லேசர்: பிரேசில்காரரின் அளவை இங்கே அப்படியே எடுக்கலாமா?

யாழ்_பல்
வணக்கம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணை, அதாவது மியூகோசைற்றிஸை, குறைசக்தி லேசரால் தடுப்பது பற்றித் தேடினால் கட்டுரைக்குக் கட்டுரை பிரேசில்தான் வருகிறது. ஏன் அந்த நாடு? அடுத்தது, கையிலிருக்கும் கருவி 660 நனோமீற்றர், 100 மில்லிவாற்று, முனைப் பரப்பு 0.028 சதுர சென்ரிமீற்றர். கட்டுரையில் "சதுர சென்ரிமீற்றருக்கு 4 யூல்" என்றிருக்கிறது. ஒரு புள்ளியில் எத்தனை செக்கன் பிடிப்பது? லேசர் இல்லாத இடத்தில் பல் அடைக்கும் நீல ஒளி உதவுமா?

கதிரொளி
தொடக்கம் ஹங்கேரியில். 1967இல் எண்ட்ரே மெஸ்டர் மயிர் மழித்த எலிகளில் ரூபி லேசரைப் பாய்ச்சியபோது மயிர் விரைவாக முளைத்தது. அந்தக் கவனிப்பை வாய்க்குள் அன்றாட வைத்தியமாக்கியதில் பிரேசிலின் பங்கு பெரிது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் லேசருக்கென்றே தனி ஆய்வுகூடம் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் சாவோ கார்லோஸ் வளாகத்தில் ஒளியியல் ஆய்வு வலுவானது, அந்த நகரத்திலேயே டயோட் லேசர் செய்யும் கம்பனிகளும் இருக்கின்றன. பௌதிகவியலாளர், கருவி செய்பவர், பல் வைத்தியர் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். 2008இல் அந்நாட்டுப் பல் மருத்துவ சபை லேசர் சிகிச்சையைப் பல் வைத்தியர் செய்யும் முறையாக அங்கீகரித்தது.

நீங்கள் முதலில் வாசிக்க வேண்டியது ரியோ டி ஜெனீரோ தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்த, 2013இல் வெளியான ஆய்வு. கதிரும் மருந்தும் சேர்த்து எடுத்த 94 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பொய் லேசர் காட்டினார்கள். கடுமையான புண், அதாவது 3ஆம் 4ஆம் தரம், பொய் லேசர் பக்கத்தில் 40.5 வீதம், உண்மை லேசர் பக்கத்தில் 6.4 வீதம். மூன்றாம் தரம் என்றால் நீராகாரம் மட்டும், நான்காம் தரத்தில் வாயால் எதுவும் இறங்காது. ஆகவே இது சின்ன வித்தியாசம் அல்ல.

மில்லிவாற்று
செக்கன் கணக்குக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான்.

சக்தி = வலு × நேரம். 100 மில்லிவாற்று என்பது 0.1 வாற்று, 10 செக்கன் பிடித்தால் 1 யூல். ரியோ ஆய்விலும் ஒரு புள்ளிக்கு 100 மில்லிவாற்றில் 1 யூல்தான். ஆனால் அந்த 1 யூல், சதுர சென்ரிமீற்றருக்கு 4 யூல் என்ற அடர்த்தியாக வர வேண்டுமானால் பரப்பு ஏறக்குறைய 0.25 சதுர சென்ரிமீற்றர். உங்கள் 0.028 முனையில் அதே 10 செக்கன் கிட்டத்தட்ட 36 யூல் அடர்த்தி, ஒன்பது மடங்கு. மாறாக, 4ஐப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் 1.1 செக்கன்தான் வரும். கையால் அதைச் சீராகச் செய்ய முடியாது, புள்ளிகளுக்கு இடையில் ஒளி படாத திட்டுகளும் மிஞ்சும்.

ஆகவே அடர்த்தி எண்ணை மட்டும் பிடுங்கி எடுக்காதீர்கள். அலைநீளம், வலு, முனைப் பரப்பு, செக்கன், புள்ளி எண்ணிக்கை என்ற ஐந்தும் உங்கள் கருவிக்குக் கிட்டவாக இருக்கும் ஆய்வைத் தேடி, அதை முழுதாகப் பின்பற்றுங்கள். அளவு கூடினால் பலன் கூடும் என்பதில்லை. ஓர் எல்லைக்கு மேல் இழையம் தூண்டப்படுவதற்குப் பதில் அடங்கிப் போகும்.

நீல ஒளி வேண்டாம். 450 முதல் 470 நனோமீற்றர் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு மேலேயே நின்றுவிடும், புண்பட்ட மென்சவ்வைச் சூடாக்கும். இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருப்பது சிவப்பு ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும்.

வாய்நோய்ப்பிரிவு
செய்முறையில் சில. புண் வந்த பிறகு ஓடாதீர்கள். கதிர் தொடங்கும் முதல் நாளிலிருந்தே, கிழமைக்கு ஐந்து நாள். உதட்டு உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடியும், வாய்த்தரை, மென்னண்ணம் இவைதான் அதிகம் புண்ணாகும் இடங்கள். எச்சிலைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, முனையைச் செங்குத்தாக, மெதுவாகத் தொட்டுப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் ஒளி தெறித்துப் போகும்.

தொற்றுத் தடுப்புக்கு முனையில் தெளிந்த மெல்லிய பிளாஸ்ரிக் உறை சுற்றுங்கள். சுருக்கம் விழுந்தாலும் இரண்டு மடிப்பானாலும் வெளிவரும் வலு குறையும், அதனால் உறையோடு சேர்த்தே வலுமானியில் அளந்து பாருங்கள். டயோட் பழசாகப் பழசாகத் திரையில் 100 என்று காட்டிக்கொண்டே குறைவாக விடும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் பூசிய வாயில் 660ஐப் பிடித்தால் அது ஒளியியக்கச் சிகிச்சையாகிவிடும். அது கிருமியைக் கொல்வதற்கான வேறு வேலை. நோயாளி, உதவியாளர், வைத்தியர் மூவருக்கும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி கட்டாயம்.

யாழ்_பல்
நன்றி. வெற்றிலை, பாக்கு நெடுநாள் போட்டவர்களுக்கு வாய் இரண்டு விரல்கூடத் திறபடாது, அவர்களுக்கு எப்படிப் பிடிப்பது? புற்றுக் கட்டியின் மேலும் பிடிக்கலாமா?

வாய்நோய்ப்பிரிவு
கட்டியின் மேல் நேரடியாக வேண்டாம். லேசர் கட்டியையும் தூண்டிவிடுமோ என்ற சந்தேகம் உண்டு. புற்றுநோயாளரின் துணைப் பராமரிப்புக்கான பன்னாட்டுச் சங்கத்தின் (MASCC) 2020 வழிகாட்டி தடுப்புக்கு லேசரைப் பரிந்துரைக்கிறது, ஆனால் அந்தச் சந்தேகத்தை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவும் சொல்கிறது. எங்கே பிடித்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்று வாய் வரைபடத்தில் தினமும் குறியுங்கள். வாய் இறுகியவர்களுக்கு மெல்லிய, வளைந்த முனை வேண்டும். அது இல்லையென்றால் எட்டும் இடங்களை மட்டும் செய்து, எட்டாத இடத்தை அட்டையில் எழுதிவிடுங்கள். கதிர் தொடங்கமுதலே வாய் திறக்கும் பயிற்சியையும் ஆரம்பியுங்கள், மூன்றாம் கிழமையில் நோ வந்தபின் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.