சைக்கிள் ரேஸ்ல ஆரம்பத்திலேயே பிரேக் போறதா (கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு முன்னால போறதா), கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதா?

பக்கக்காற்று:
60 கி.மீ. அமெச்சூர் ரோடு ரேஸ்னு வைங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில தெற்கே 10, யூ-டர்ன், வடக்கே 10, மொத்தம் மூணு சுற்று. நாற்பது பேர். டீமும் இல்ல, இடைவெளியைச் சொல்ல காதுல ரேடியோவும் இல்ல. ஸ்பிரிண்ட்ல (கோட்டுக்கிட்ட கடைசிப் பாய்ச்சல்ல) தேறாத ஆளுக்கு ஒரே வழி, சீக்கிரமே பிரேக் போறதுதான். மறுக்கிறவங்க 2021 டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரேஸை நினைச்சுப் பாருங்க. ஆஸ்திரியாவோட ஆன்னா கீசன்ஹோஃபர், கணிதத்துல முனைவர், அந்த வருஷம் எந்த புரோ டீம்லயும் இல்ல. 137 கி.மீ. ரேஸ்ல கொடி அசைஞ்ச உடனே கிளம்பினாங்க. கூட வந்தவங்க நாலு பேர். கடைசி 41 கி.மீ. தனியா ஓட்டி தங்கம் வாங்கினாங்க.

ஒட்டுண்ணி:
வந்துட்டாருப்பா டோக்கியோவைத் தூக்கிக்கிட்டு. அந்த ரேஸ்ல பிரேக்குக்கு (முன்னால போன குழுவுக்கு) பத்து நிமிஷத்துக்கு மேல இடைவெளி விட்டாங்க. நெதர்லாந்து நாலு நட்சத்திரங்களோட வந்திருந்தது, ஒலிம்பிக்ல ரேடியோ கிடையாது. பிரேக்ல மிச்சமிருந்த ரெண்டு பேரைப் பிடிச்சதும் முன்னாடி யாருமே இல்லன்னு நினைச்சுட்டாங்க. 1 நிமிஷம் 15 நொடி பின்னால வந்த நெதர்லாந்தோட வான் ஃப்ளூட்டன், ஜெயிச்சதா நம்பி கையைத் தூக்கினாங்க. கூட்டம் கணக்குல கோட்டை விட்டுது, அவ்வளவுதான். அடுத்தவன் தப்பு பண்ணுவான்னு நம்பி ரேஸுக்குத் திட்டம் போட முடியுமா?

கணக்குப்புள்ள:
இருவரும் வாட்ஸ் (மிதிக்கும் திறனின் அளவு) பேசாமல் சண்டை போடுகிறீர்கள். வண்டியோடு 80 கிலோ, டிராப்ஸ் (ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதி) பிடித்த நிலை, சமதளம், காற்றில்லை என்று வைத்துத் தோராயமாகப் போட்ட கணக்கு இது. தனியாக 40 கி.மீ. வேகத்துக்கு 300 வாட்ஸ் வேண்டும். 37 கி.மீ. என்றால் 246 போதும். ஒரு வீலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், முன்னால் இருப்பவர் காற்றை மறைப்பதால், 40 கி.மீ. வேகத்துக்கே 226தான்.

ஒரு மணி நேரம் 250 வாட்ஸ் தாங்கும் ஆள் தனியாகப் போனால் 37ஐத் தாண்ட முடியாது. கூட்டம் 39இல் வந்தாலே பிடித்துவிடும். அதே திறன் உள்ள நான்கு பேர் சேர்ந்து, நேரத்தில் கால் பங்கு முன்னால், முக்கால் பங்கு பின்னால் என்று மாறி மாறி இழுத்தால் ஆளுக்குச் சராசரி 245 வாட்ஸ், வேகம் 40. ஆகவே கேள்வி எப்போது போவது என்பதல்ல, எத்தனை பேரோடு போவது என்பது.

ஒட்டுண்ணி:
சரி, அந்த நாலு பேர்ல ஒருத்தன் என் பேருக்கு ஏத்த மாதிரி இருந்தா? இழுக்கிற மூணு பேரும் 251க்குப் போயிடுவாங்க. பின்னால தொத்திக்கிட்டு வர்றவன் 226லயே வந்து கடைசி 200 மீட்டர்ல பதக்கத்தை எடுத்துட்டுப் போவான்.

பக்கக்காற்று:
அதுக்கும் வழி இருக்கு. அவனுக்கு முன்னால இருக்கிறவர் வேகத்தைக் கொஞ்சம் விட்டு, தனக்கும் முன் வீலுக்கும் நடுவுல நாலு மீட்டர் திறந்து விடணும். அந்த இடைவெளியை அவனே அடைக்கணும். மூணு பேரும் முறை வச்சு இதைச் செஞ்சா, ஒண்ணு அவன் வேலைக்கு வருவான், இல்ல கழன்டு போவான்.

அதோட கூட்டத்துல இருக்கிறது இலவசம்னு யார் சொன்னது? அந்த 226 நேர் ரோட்டுக் கணக்கு. யூ-டர்னைப் பாருங்க. 40 பேர், ரெண்டு ரெண்டு பேரா 20 வரிசை. கோன்கிட்ட வேகம் 15க்கு இறங்கும். கடைசி வரிசை திரும்பும்போது முதல் ஆள் திரும்பி 14 நொடி ஆகியிருக்கும். அதுக்குள்ள அவர் 38 பிடிச்சு நூறு மீட்டருக்கு மேல தாண்டியிருப்பார். பின்னால இருக்கிறவன் 45க்கு மேல அடிச்சாத்தான் ஒட்ட முடியும். ஒரு தடவைன்னா பரவாயில்ல. மூணு சுற்றுல அஞ்சு திருப்பம் இருக்கே! ஒளிஞ்சிருக்கிறவனோட கால் அங்கதான் காலியாகும்.

புதுகிளீட்:
அண்ணே, அப்போ யூ-டர்ன்லயே அட்டாக் பண்ணி பிரிஞ்சு போகலாமா? எப்படி?

பக்கக்காற்று:
பண்ணலாம் தம்பி. திருப்பத்துக்கு 500 மீட்டர் முன்னாடியே முதல் மூணு பேருக்குள்ள வந்துடணும். பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி பின் கியரை இறக்கிடு. 50-17லயே (முன் சக்கரப்பல் 50, பின் பல் 17) விட்டா 15 கி.மீ. வேகத்துல மிதி 40 ஆர்பிஎம்தான் சுத்தும், எழுந்து மிதிச்சா வண்டி கட்டையா நிக்கும். 50-25ல 60 கிடைக்கும், சட்டுனு கிளம்பும். வெளிய வந்ததும் 20 நொடி முழு மூச்சு, அப்புறம் உட்கார்ந்து தாங்குற வேகத்துக்கு வந்துடணும். எல்லாரும் கோட்டை விடுறது இந்த இடத்துலதான், 20 நொடியை மூணு நிமிஷமா இழுத்துடுவாங்க.

கணக்குப்புள்ள:
அதற்கும் கணக்கு உண்டு. 250க்கு மேல் செலவழிக்க ஒரு ஆளிடம் 20 கிலோஜூல் இருக்கிறது என்று கொள்வோம். 350இல் மிதித்தால் நொடிக்கு 100 ஜூல் வீதம் 200 நொடியில் தீர்ந்துவிடும். பிறகு 250க்குக் கீழே இறங்கினால்தான் திரும்ப நிரம்பும். தனியாகப் போனவர் இறங்கினால் வேகம் 37க்குக் கீழே. கூட்டம் வந்துவிடும்.

ஒட்டுண்ணி:
இதைத்தான் நானும் சொல்றேன். முதல் சுற்றுல எல்லார் காலும் புதுசு, எவன் கிளம்பினாலும் பத்து பேர் துரத்துவான். ரெண்டாவது சுற்று பாதியில ஒரு அட்டாக்கைத் துரத்திப் பிடிச்சு எல்லாரும் மூச்சு வாங்கிட்டு, ஒருத்தன் தண்ணி பாட்டிலைத் தேடுவான், ஒருத்தன் பின்னால திரும்பிப் பார்ப்பான். போறதா இருந்தா அந்தப் பத்து நொடியில போகணும். கூட்டத்தோட நடுவுல இருந்து ஓரமா வேகம் ஏத்திக்கிட்டு வந்து தாண்டணும். முதல் ஆளா இருந்துக்கிட்டே எழுந்து அடிச்சா பின்னால ஒரு வால் ஒட்டிக்கிட்டே வரும்.

பக்கக்காற்று:
இதுல சண்டை இல்ல, ஒத்துக்கிறேன். காற்றையும் சேர்த்துக்கோங்க. ஜூன், ஜூலை காலையில மேற்குக் காற்றுன்னா தெற்கே போறப்போ வலப்பக்கம் அடிக்கும், நிழல், அதாவது காற்று மறைவு, இடது பின்னால. இழுத்து முடிச்சவர் வலப்பக்கமா, காற்று வர்ற பக்கமா, விலகித்தான் பின்னால போகணும். முதல் ஆள் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டினா பின்னால வர்றவங்களுக்கு நிழலே கிடைக்காது, மணல்லதான் இறங்கணும். வடக்கே திரும்பினா எல்லாம் தலைகீழ். நிழல் ரோட்டு நடுப்பக்கம் போயிடும். போக்குவரத்தை நிறுத்தாத ரோட்டுல அந்தப் பக்கம் விரிஞ்சு போறது தற்கொலை.

புதுகிளீட்:
ரேடியோ இல்லாம எத்தனை நொடி லீடு இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்? எவ்வளவு இருந்தா போதும்?

கணக்குப்புள்ள:
பிரெஞ்சு வர்ணனையாளர் ரோபேர் ஷபாட் பெயரில் ஒரு விதி உண்டு. 10 கி.மீ. பாக்கி என்றால் 1 நிமிடம் வேண்டும். பிரேக் 40இல் போனால் அந்த ஒரு நிமிடத்தை அழிக்க கூட்டம் 42.7இல் வர வேண்டும். டீம் இல்லாத கூட்டத்தில் அதற்கு ஆறேழு பேர் ஒழுங்காக மாறி மாறி இழுக்க வேண்டும்.

லீடை அளப்பது இந்தப் பாதையில் சுலபம். கோனைத் திரும்பியதும் ஹேண்டில்பார் கடிகாரத்தில் லேப் பட்டனை அழுத்துங்கள். எதிரே வரும் கூட்டத்தின் முதல் ஆளைக் கடக்கும்போது நொடியைப் பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால் லீடு. 20 நொடி என்றால் லீடு 40 நொடி, ஏனென்றால் அவர் கோனை அடைய இன்னும் 20 நொடி ஓட்ட வேண்டும்.

ஒட்டுண்ணி:
அந்தக் கடிகாரம் கூட்டத்துல இருக்கிறவன் ஹேண்டில்பார்லயும் இருக்கு சார். அஞ்சு யூ-டர்ன்லயும் பிரேக்ல எத்தனை பேர், எவன் தலை தொங்குதுன்னு நேருக்கு நேர் பார்ப்பான். டோக்கியோ கூட்டத்துக்கு அந்த வசதி ஒரு தடவைகூடக் கிடைக்கல.

பக்கக்காற்று:
அப்போ எதிர்ல வர்றப்போ தலையை நிமிர்த்தி, வாயை மூடிக்கிட்டு ஓட்டணும்.