அரீதா பிராங்க்ளினை எதுல ஆரம்பிக்கிறதுங்க?

கேள்வி: ஈரோட்டுல சர்ச் பாடகர் குழு நடத்துறோமுங்க. காஸ்பல் பாணி (கறுப்பின அமெரிக்கர் சர்ச்சுல பாடுற பாணி) பழக அமெரிக்கப் பாடகி அரீதாவோட எந்தக் காலத்துப் பாட்டைக் கேக்கறது?

பதில் 1: 1972 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ் சர்ச்சுல ரெண்டு ராத்திரி பதிவு பண்ணின ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பம்தானுங்க. 1960-லிருந்து கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில இருந்தப்போ வயலின் கூட்டத்துக்கு நடுவுல குரல் ஒட்டாம நிக்கும். அடுத்த கம்பெனியான அட்லாண்டிக்ல, 1967-ல, அவங்களையே பியானோவுல உக்கார வெச்சாங்க. சர்ச் தாளம் திரும்பிருச்சு.

பதில் 2: கேட்டாப் பத்தாதுங்க. குழுவை சோப்ரானோ (பெண்கள் மேல்குரல்), ஆல்டோ (பெண்கள் கீழ்க்குரல்), டெனர் (ஆண்கள் மேல்குரல்) மூணே குரலாப் பிரிங்க; பேஸுக்கு (ஆண்கள் கீழ்க்குரல்) தனி வரி பெரும்பாலும் இருக்காது. கைத்தட்டு நாலு எண்ணிக்கைத் தாளத்துல 2, 4-ல விழோணும். நம்மாளுங்க கும்மி மாதிரி 1-லயே தட்டிருவாங்க, பாட்டு படுத்துரும்.

பதில் 3: கமகத்தை லீடு (முன்னணிப் பாடகர்) மட்டும் போடட்டுங்க. குழுவே இழுத்தா வார்த்தை குழம்பிரும்.